டயரில் எழுதிய நேரம்

அந்தக் காருக்குக் கூச்சம் அதிகம். ரோட்டில் போகும்போது திணறும், மூச்சு வாங்கும், ஓட்டுகிறவளின் உயிரை வாங்கும். பட்டறை வாசலுக்கு வந்துவிட்டால் போதும், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி சமர்த்தாக உறுமும். பல் டாக்டர் வீட்டுப் படியேறியதும் பல்வலி நின்றுவிடுகிறதே, அந்த மாதிரி. இரண்டு மாதத்தில் நான்கு தடவை பட்டறைக்கு வந்து, நான்கு தடவையும் ‘எல்லாம் சரி’ என்று நற்பெயர் வாங்கிக்கொண்டு திரும்பிய வண்டி அது.

நற்பெயர் கொடுத்தவர் மெக்கானிக். கார் அவருடைய தங்கையுடையது. அவள் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் கத்த, முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், வாயைத் திறக்காமல் ஓட்டுவாள். அந்தப் பொறுமைக்கெல்லாம் வட்டியோடு பழிவாங்கத்தான் இந்தக் கார். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு சீட்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அண்ணனும் தங்கையுமாக மூன்று வருஷம் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார்கள். மலைப்பாதையில் வருஷத்துக்கு ஒரு முறை போட்டி நடக்கும். வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஏறவிட்டு நேரம் பார்ப்பார்கள். இந்த வருஷப் போட்டி நாளைக்கு மத்தியானம், உச்சி வெயிலில்.

மூன்றாவது ஆள் மெக்கானிக்கின் மனைவி. பட்டறையில் எஞ்சின் அவர் பொறுப்பு, கரண்ட் இவள் பொறுப்பு. வந்தவர் போனவரெல்லாம் வயரம்மா, வயரம்மா என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். நாளைய போட்டியை நினைத்து வயரம்மாவுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அவள் கண்ணால் பார்த்த காட்சி அப்படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மலைப்பாதையில் பயிற்சி ஓட்டம் நடந்தது. வயரம்மா மூன்றாவது வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை நாத்தனார் காற்றாக ஏறிப் போனாள். கீழே இறங்கி, வெயிலில் கால் மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டாவது தடவை ஏறி வந்தபோதுதான் அது நடந்தது. வளைவில் பாதி திரும்பியிருக்கும்போது எஞ்சின் சத்தம் சட்டென்று அறுந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. நாத்தனார் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். நின்றுபோன சக்தியெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து, காரின் பின்பக்கம் வழுக்கி, ஓரத்தில் வெள்ளையடித்து நட்டிருந்த கல்லைப் பெயர்த்துத் தள்ளியது. கார் நின்றுவிட்டது. கல் நிற்கவில்லை. அது பள்ளத்தில் போய் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

“ஒண்ணுமில்ல அண்ணி, கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான்” என்று இறங்கி வந்து சிரித்தாள் நாத்தனார். பள்ளத்தின் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

அண்ணனிடம் அவள் சொன்னது, “லேசா திணறுதுண்ணா.” கல்லைப் பற்றி வயரம்மாதான் சொன்னாள். மெக்கானிக் முகம் வெளுத்துப்போய்க் கார்புரேட்டரை அக்கக்காகக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். வயரம்மா தன் பங்குக்குப் பிளக்குகளையும் அவற்றுக்குக் கரண்ட் அனுப்பும் காயிலையும் மாற்றினாள். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு காலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பட்டாகப் போயிற்று. மத்தியானம் ஓட்டினால் மறுபடி பழைய குருடி. எல்லாரும் வெயிலைத் திட்டினார்கள். வெயிலுக்கு என்ன, அது பாட்டுக்கு அடித்தது.

இதில் இவர்கள் மூவருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை. மெக்கானிக்கே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியது: ‘இரண்டு மணி நேரம் ஆறாமல் பானெட் திறக்கக் கூடாது.’ எந்த வண்டி உள்ளே வந்தாலும் அவர் முதலில் குனிந்து, முன்பக்க டயரில் சாக்பீஸால் வந்த நேரத்தை எழுதுவார். அதிலிருந்து இரண்டு மணி நேரம் அந்த வண்டிக்குக் காவல். வாடிக்கையாளர் குதித்தாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, பானெட் திறக்காது. ஊரில் இதை வைத்துக் கிண்டல் உண்டு. அந்தப் பட்டறைக்கு வண்டி கொண்டுபோனால் கூடவே தலையணையும் கொண்டுபோகணும் என்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு பலகை இல்லை. அன்றைக்கு ஒரு வண்டி ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தது இதே தங்கை. எங்கேயோ நேரத்துக்குப் போக வேண்டும் அவளுக்கு. வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பட்டப் பெயரே ‘அவசரம்’. “சீக்கிரம்ணா, சீக்கிரம்ணா” என்று பக்கத்தில் நின்று பறந்தாள். மெக்கானிக் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் ஒன்றாகக் கிளம்பி அவருடைய இடது கன்னம், கழுத்து, இடது கை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போயிற்று. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. கண் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள்.

அதற்குப் பிறகு யாரும் அவளை ‘அவசரம்’ என்று கூப்பிடவில்லை. அவளும் அண்ணனிடம் ‘சீக்கிரம்’ என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. அண்ணன் ஆறட்டும் என்றால் ஆறட்டும். அண்ணன் சரி என்றால் சரி. அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் வயரம்மாவுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் வரும். அது நம்பிக்கை இல்லை, அபராதம் கட்டுகிற மாதிரி என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில், பிளக் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தோன்றாத விஷயம் வயரம்மாவுக்குத் தோன்றியது. சூட்டில் மட்டும் வருகிற வியாதியை நாம் நான்கு தடவையும் சூடு ஆறின பிறகுதானே தேடினோம்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சூடான எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் கத்தமாட்டார். பேசாமல் உள் அறைக்குப் போய்விடுவார். அதுதான் இன்னும் மோசம்.

எனவே சூட்டோடு பானெட்டைத் திறக்காமலே சோதிக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே காயிலிலிருந்து இரண்டு நீள வயர்களை எடுத்து, இடுக்கு வழியாகக் காருக்குள் கொண்டுவந்து, நுனியில் ஒரு சின்ன பல்பை மாட்டினாள். காயிலுக்குக் கரண்ட் போகிறவரை பல்பு எரியும். கார் திணறும் நேரத்தில் பல்பும் அணைந்தால் கோளாறு வயரில். அணையாவிட்டால் கோளாறு பெட்ரோல் பக்கம். அதாவது அவர் பக்கம்.

“என்ன அண்ணி, கார்ல கல்யாண வீடு மாதிரி லைட்டு போடறீங்க?” என்றாள் நாத்தனார்.

“வண்டியை எடு. வழியில சொல்றேன்.”

மெக்கானிக் வாசலில் நின்று எச்சரித்தார். “நாலு மணிக்குள்ள மலையடிவாரத்துல வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டணும். அங்க போகவே ஒரு மணி நேரம் ஆகும். மறந்துடாதீங்க.”

ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலை ஒன்று உண்டு. அங்கே அரை மணி நேரம் காரை விரட்டினார்கள். ஒரு குறையும் இல்லை. பிறகு வெயிலில், நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வரிசையில் நிற்கப்போவதும் இப்படித்தான். சீட்டு சுட்டது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. வயரம்மா மடியில் பல்பை வைத்துக்கொண்டு, திணறும்போது அணைந்துவிடு, தயவுசெய்து அணைந்துவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தன் வயரில் தப்பு இருந்தால் எவ்வளவு நிம்மதி! புது வயர் போட்டுவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

“கிளப்பு. எடுத்த உடனே நல்லா அழுத்து.”

கார் பாய்ந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். திடீரென்று காலுக்கடியில் தரையே இல்லாத மாதிரி எல்லாம் அடங்கிப்போயிற்று. ஒன்று, இரண்டு. பிறகு ஒரே உதை. வயரம்மாவின் தலை சீட்டில் இடித்தது. நேர்ச்சாலையாக இருந்ததால் பிழைத்தார்கள்.

பல்பு ஒரு கணம்கூட அணையவில்லை. சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

“ஓரமா நிறுத்து. எஞ்சினையும் நிறுத்திடு” என்றாள் வயரம்மா. இறங்கி முன்பக்கம் போனாள்.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“பானெட்டைத் திறக்கப் போறேன்.”

“வேணாம் அண்ணி! அண்ணாவுக்குத் தெரிஞ்சா...” நாத்தனார் ஓடிவந்து பானெட் மேல் கையை வைத்து, சுட்டதால் பட்டென்று எடுத்துக்கொண்டாள். வளைவில் காரோடு சறுக்கியபோதுகூட அவள் முகத்தில் இவ்வளவு பயம் இல்லை.

“ரேடியேட்டர் மூடி கிட்டயே போகமாட்டேன். நீ தள்ளி நில்லு.”

நாத்தனார் தள்ளி நின்றாள். எவ்வளவு தள்ளி என்றால், இருபது அடி. அங்கே நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயில், தூசியை வடிகட்டுவதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. நூறு தடவை பார்த்த கிண்ணம்தான். எப்போதும் அதில் பெட்ரோல் அசையாமல் நிற்கும். இப்போது அது கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் மாதிரி குமிழி குமிழியாக மேலே வந்து உடைந்தது. பெட்ரோல் போக வேண்டிய குழாயில் பாதிக்கு மேல் வெறும் ஆவி. எஞ்சின் எதைக் குடிக்கும்? பாவம், காற்றைக் குடித்துவிட்டுத் திணறியிருக்கிறது.

ஏன் இவ்வளவு சூடு என்று கையை உள்ளே நீட்டியபோது மணிக்கட்டு எதன் மேலோ பட்டுச் சுர்ரென்றது. பானெட்டின் அடிப்பக்கம் அவர் வைத்துத் திருகியிருந்த தகரம்.

அது மெக்கானிக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு. இந்தக் காரின் பானெட்டில் சூட்டுக் காற்று வெளியே போவதற்காக ஏழு கீற்றுத் துளைகள் இருக்கின்றன. ஆவி கிளம்பினால் அந்தத் துளைகள் வழியாக யார் முகத்திலாவது அடித்துவிடும் என்று, இரண்டு மாதத்துக்கு முன்னால் புது ரேடியேட்டர் வைத்தபோது, அடியில் தகரத்தை வெட்டி வைத்து ஏழையும் அடைத்துவிட்டார். தங்கச்சி வண்டியாயிற்றே என்று ஓரங்களைக்கூட அழகாக மடித்துத் தட்டியிருந்தார். வெயில் காலமும் தகரமும் ஒரே வாரத்தில் வந்தன. பழி முழுக்க வெயில் மேல் விழுந்துவிட்டது.

வயரம்மா மணிக்கட்டை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே நாத்தனாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அண்ணாகிட்ட சொல்லாதீங்க அண்ணி.”

“பைத்தியமா உனக்கு?”

“நான் பாத்துக்கறேன். எங்க திணறும்னு இப்பத்தான் தெரியுமே, அந்த இடத்துல காலை எடுத்துட்டா போச்சு.”

“அப்ப நாமளே கழட்டிடலாம். நாலு ஸ்க்ரூதானே?”

“நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவர்தான் கடைசியாத் திறந்து பாப்பாரு. தகரம் இல்லேன்னா அவர் மனசு என்ன ஆகும்? அவர் முகத்தை அப்படி ஆக்கினது நான். அதுக்கு அவர் ஒரு தகரம் வெச்சு மனசைத் தேத்திக்கிட்டாரு. அதுவும் தப்புன்னு நான் போய்ச் சொல்லணுமா? என்னால முடியாது அண்ணி. அவர் போட்டதோடயே போறேன்.”

வயரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “போவே. போய்ப் பள்ளத்துல விழுவே. அப்ப உங்க அண்ணன் மனசு ரொம்ப நல்லா இருக்கும்!” என்று கத்தினாள். கத்திவிட்டு அழுகையும் வந்துவிட்டது. இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள்.

மெக்கானிக் சாக்பீஸோடு காத்திருந்தார். குனிந்து டயரில் எழுதினார்: 12.40. நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டது மனைவியின் மணிக்கட்டு. அங்கே நாலணா அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது.

“இது என்ன?”

பொய் சொல்லலாமா என்று வயரம்மா ஒரு நொடி யோசித்தாள். பதினான்கு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனிடம் சூட்டுக் காயத்தைப் பற்றிப் பொய் செல்லாது.

“வழியில பானெட்டைத் திறந்தேன். சூட்டோட.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“திறந்தேன், பாத்தேன், கண்டும் பிடிச்சேன். பெட்ரோல் கொதிக்குதுங்க. கிண்ணத்துல குமிழி குமிழியா வருது. உள்ள இருக்கற சூடு வெளிய போக வழியில்ல.” மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். “உங்க தகரம்தாங்க காரணம்.”

மெக்கானிக்கின் வலது பக்க முகம் சிவந்தது. இடது பக்கத்துக்குச் சிவக்கத் தெரியாது. “அந்தத் தகரம் எதுக்குன்னு தெரியுமா உனக்கு?” என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். “இதுக்கு!”

“தெரியும். அதை எதுக்கு வெச்சீங்கன்னு நான் கேக்கல. அது என்ன பண்ணுதுன்னு சொல்றேன். நீங்களே வந்து பாருங்க.”

“ரெண்டு நாப்பதுக்குத் திறக்கறேன். பாக்கறேன்.”

“ரெண்டு நாப்பதுக்கு ஆறிடும். குமிழி இருக்காது. கிண்ணம் சுத்தமா இருக்கும். ‘எல்லாம் சரி’ன்னு அஞ்சாவது தடவையும் சொல்லுவீங்க. அவளும் சரின்னு நாளைக்கு ஏறுவா. நாலு தடவையும் இப்படித்தாங்க ஏமாந்தோம். நீங்க மட்டுமில்ல, நானும்தான். நம்ம மூணு பேருமே பயந்து பயந்து ஆறின வண்டியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்.”

அவள் பயந்தபடியே அவர் உள் அறைக்குள் போய்ச் சாமான் அலமாரி முன்னால் நின்றுகொண்டார். ஏற்கனவே அடுக்கியிருந்த நட்டுகளை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தாண்டியது. ஒன்று ஐந்து. காரிலிருந்து உலோகம் ஆறுகிற சின்னச் சின்ன ‘டிக் டிக்’ சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே குமிழிகள் குறைகின்றன என்று வயரம்மாவுக்குத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு வர அவர் என்ன குழந்தையா? நாத்தனார் கீழே உட்கார்ந்து, டயரில் எழுதியிருந்த எண்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் எழுந்தாள். காரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

பட்டறைக்குள் அந்தச் சத்தம் இடி மாதிரி இருந்தது. நட்டு டப்பா கையில் இருக்க, மெக்கானிக் வாசலுக்கு ஓடிவந்தார். “ஏய், என்ன பண்றே? அணை முதல்ல!”

நாத்தனார் அணைக்கவில்லை. டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்து, ஏறியபிறகுதான் அணைத்தாள். இறங்கி வந்து பானெட் பக்கத்தில் நின்றாள். இருபது அடி தள்ளி இல்லை, பக்கத்திலேயே.

“கல்லு விழுந்த சத்தத்தை நானும் கேட்டேண்ணா. மூணு வாரமா காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆறிடும்ணா. சீக்கிரம் வாண்ணா. சீக்கிரம்.”

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. மெக்கானிக் கையிலிருந்த டப்பா சாய்ந்து நட்டுகள் தரையெல்லாம் உருண்டோடின. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

அவர் நடந்து வந்தார். பத்தடி தூரத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் நடந்ததில்லை. பானெட்டின் முன்னால் நின்று சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டார். நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டு நின்றது. கையை நீட்டினார், எடுத்தார், மறுபடி நீட்டினார். பானெட்டைத் தூக்கியதும் அனல் கிளம்பி முகத்தில் பட, கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வயரம்மா அவருடைய முதுகில் கையை வைத்தாள்.

“கண்ணைத் திறங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

திறந்தார். கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். அது கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் இருக்கும், வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தான் மடித்துத் தட்டிய தகரத்தைப் பார்த்தார். வேலை தெரிந்த மனுஷன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஐயோ, நானேவா?” என்றார்.

அவர் ஸ்க்ரூ டிரைவருக்குக் கையை நீட்டினார். வயரம்மா கொடுத்தாள். முதல் ஸ்க்ரூவுக்கு முனை நான்கு தடவை வழுக்கியது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது, நான்காவது ஸ்க்ரூக்கள் தொழில்காரன் கையில் கழன்று வந்தன. தகரத்தை எடுத்ததும் ஏழு துளைகள் வழியாகவும் அனல் அலையலையாக வெளியே போனதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. எதிர்ச் சுவர் அதற்குப் பின்னால் நெளிந்தது.

“குழாயையும் ஒரு சாண் தள்ளிப் போடணும்” என்றார் தனக்குள் பேசுகிற மாதிரி. “எஞ்சினை ஒட்டிப் போகுது. சூட்டோடவே போட்டுடலாம். கிளாம்ப் எடு.”

இருபது நிமிஷத்தில் குழாய் தள்ளிப் போயிற்று. அவர் தகரத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அது எவ்வளவு சுடும் என்று வயரம்மாவின் மணிக்கட்டுக்குத் தெரியும். அவர் பிடித்திருந்தது இடது கையில், உணர்ச்சி குறைந்துபோன கையில். அவள் துணியால் பிடித்து அதை மெல்ல வாங்கி வைத்தாள்.

பரிசோதனைக்குப் போகும் வழியிலேயே நேர்ச்சாலையில் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி, கிளப்பி, முழுசாக அழுத்திப் பார்த்தார்கள். மூன்று தடவை பார்த்தார்கள். கார் ஒரு தடவைகூடத் திணறவில்லை. ஆனால் நேர்ச்சாலை வேறு, வளைவு வேறு. அன்று ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிளம்புவதற்கு முன்னால் வழக்கம்போல மெக்கானிக்தான் பானெட்டைக் கடைசியாகத் திறந்து பார்த்தார். மூடிவிட்டு, தங்கையின் ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கணவனும் மனைவியுமாக மேலே நடந்து மூன்றாவது வளைவுக்குப் போனார்கள். பெயர்ந்த கல்லின் இடத்தில் குழி அப்படியே இருந்தது. அவர் போய் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து எட்டிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்வாங்கினார். இதுவரை அவர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

கீழே வரிசை நகரவே இல்லை. பத்து நிமிஷம், கால் மணி, இருபது நிமிஷம். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தச் சூட்டில் கார் எப்படிக் கொதிக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியில் கேட்டது. தூரத்தில் ஒரு உறுமல், முதல் வளைவு. கியர் மாறியது. இரண்டாவது வளைவு. மெக்கானிக் வயரம்மாவின் கையைப் பிடித்தார். சரியாகக் கொப்புளத்தின் மேலேயே பிடித்தார். உயிர் போகிற வலி. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சத்தம் நெருங்கியது. அறுந்துவிடுமோ, இப்போதா, இப்போதா? சிவப்பாக ஏதோ வளைவுக்குள் பாய்ந்தது. எஞ்சின் ஒரே மூச்சாகப் பாடிக்கொண்டே வந்து, திரும்பி, சரளைக்கல் தெறிக்க அவர்களைத் தாண்டி, குழியிலிருந்து நல்ல தூரம் தள்ளியே மேலே ஏறிப் போய்விட்டது. ஒரு நொடிகூட, அரை நொடிகூட அறுபடவில்லை.

சத்தம் மலை உச்சியில் போய்த் தேயும்வரை மெக்கானிக் அசையாமல் நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்து, இடது பக்கம் வடுவின் மடிப்பில் தேங்கி நின்றது. துடைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

“பரவாயில்லையே” என்றார். “சீக்கிரமாத்தான் போயிருக்கா.”